இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து

அந்தத் தெருவில் அவளைப் பல்லக்கா என்றால்தான் தெரியும். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி வார்த்து, ரோஸ் நிற மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பதே தன் தயவில்தான் என்று அவள் சொல்லிக்கொள்வதில் பெரிய மிகையில்லை.

குடியிருப்பது வாடகை வீடு. ஆனால் கடைத்தெருவில் மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு ஜன்னல், ஒரு நீள மேஜை, ஒரு ராவுகிற மோட்டார், சுவர் நிறைய மாவில் வார்த்த தாடைகள். அதை அவள் தன் பேரில், தன் சம்பாத்தியத்தில், கடன் கட்டி வாங்கினாள். இன்னும் ஏழே தவணை. அதற்கப்புறம் உலகத்தில் யாரும் அவளை எழுந்து போ என்று சொல்ல முடியாத ஒரு இடம் அவளுக்கு இருக்கும். அந்த ஏழு மாதத்தைத்தான் அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பல்வரிசையில் அரை மில்லி பிசகினால் கண்டுபிடித்துவிடுகிறவள், காகிதம் என்று வந்தால் ஒரு வரி படிக்க மாட்டாள். கணவன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வங்கி, வரி, வாடகை எல்லாம் அவன் பாடு. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்கே வருவான். அவள் விரலில் மெழுகோடு இருப்பாள். "எங்க?" என்பாள். அவன் விரலால் காட்டுவான். போடுவாள். அவ்வளவுதான். அவள் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு காகிதத்தின் ஓரத்திலும் கட்டை விரல் அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் ஒரு மெழுகுக் கறை இருக்கும். "உன் முத்திரை விழுந்துடுச்சு," என்று அவன் சிரிப்பான். சிரித்த காலம் அது.

இன்னொரு கையெழுத்துக் கதையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளே அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்குப் பத்து. அப்பா லாரியோடு போய்விடுவார். தம்பியின் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டதெல்லாம் அவள்தான். அப்போது அவள் கையெழுத்து வளைந்து நெளிந்து, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்து முடியும். எட்டாம் வகுப்பில் கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கியபோது தம்பி அதை அவளிடம் காட்டவே இல்லை. அவள் கையெழுத்தை அவனே போட்டு டீச்சரிடம் நீட்டிவிட்டான். மாதக் கடைசியில் விஷயம் தெரிந்தபோது அவள் அடிக்கக் கை ஓங்கினாள், காகிதத்தைப் பார்த்தாள், ஓங்கிய கையோடு சிரித்துவிட்டாள். "என்னைவிட அழகா போட்டிருக்கான் பாருங்க," என்று அப்பாவிடம் காட்டினாள். அப்பாவும் சிரித்தார். அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும், "டேய், அக்கா கையெழுத்தைப் போட்டுக் காட்டு," என்பது ஒரு வேடிக்கை. அவள் கல்யாணத்தன்று புது மாப்பிள்ளைக்குக்கூட ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினான். வேலை கூடக் கூட அவள் கோட்டை விட்டாள், புள்ளியை விட்டாள். வெறும் கிறுக்கலாகிவிட்டது. கதையை மட்டும் விடவில்லை.

கல்யாணமாகிப் பதினாறு வருடம். பிள்ளை இல்லை, அதைப் பற்றி இரண்டு பேரும் அழுது முடித்தாகிவிட்டது. பிரிவதற்கு அது காரணமில்லை. கடைசி மூன்று வருடமாக மாதத்தின் முதல் வாரத்திலேயே மாஸ்டரின் சம்பளம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கேட்டால் "செலவாயிடுச்சு" என்பான். எதற்கு என்றால் வாயைத் திறக்க மாட்டான். குடிக்கிற ஆளில்லை, சீட்டாடுகிற ஆளில்லை. அப்படியானால் இன்னொருத்தி இருக்கிறாள் என்று அவள் முடிவு கட்டினாள். அவன் சட்டையை மோந்து பார்த்தாள், போனை நோண்டினாள், அவனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற பெண்களை எண்ணினாள். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே அவள் சந்தேகத்தை இரண்டு மடங்காக்கியது. ஒரு நாள், "பிரிஞ்சிடலாம்," என்றாள். அவன், "உன் இஷ்டம்," என்றான். அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீலம்மா. சண்டையில்லாத பிரிவுக்கு ஒரு வக்கீல் போதும் என்று அந்த அம்மாளே சொன்னார். அன்று காலை மூன்று நாற்காலி மட்டும் கொள்ளும் அவருடைய ஆபீசில் உட்கார்ந்தார்கள்.

"சொத்து பிரிக்கிறதைவிடக் கடன் பிரிக்கிறதுதான் பெரும்பாடு," என்றார் வக்கீலம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "சொத்துன்னா ரெண்டு பேரும் என்னோடதும்பாங்க. கடன்னா ரெண்டு பேரும் உன்னோடதும்பாங்க. நான் ஒரே கேள்விதான் கேப்பேன். இந்தக் கடனால யாருக்குப் பிரயோஜனம்? வீட்டுக்குன்னா ரெண்டு பேர் தலையிலயும். ஒருத்தருக்குன்னா அவங்க தலையில. சரியா?"

சரி என்றாள் பல்லக்கா. அவளுக்குத் தெரிந்து மூன்று கடன். ஃபிரிட்ஜுக்குக் கொஞ்சம் பாக்கி, அது பாதிப் பாதி. டிரைவிங் ஸ்கூல் கார், அது அவனுக்கு. அறை, அது அவளுக்கு. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு மதியத்துக்குள் ஒரு மேல்செட்டை ராவிவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்திருந்தாள்.

"நாலாவது," என்றார் வக்கீலம்மா.

"நாலாவதா? மூணுதானே?"

வக்கீலம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஒன்பது இருக்கும்மா. உங்களுக்குத் தெரியாதா?"

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வக்கீலம்மாவின் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கிரெடிட் கார்டு. ஒரு நகைக்கடன், அவனுடைய சங்கிலியும் மோதிரமும். பெட்ரோல் பங்க் முதலாளியிடம் ஒரு கைமாத்து. அவனுடைய அண்ணனிடம் ஒன்று. வக்கீலம்மா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். ஒரே பாயில் பதினாறு வருடம் படுத்த மனிதனுக்கு இத்தனை கடன் இருக்கிறது, அவளுக்கு ஒன்றுகூடத் தெரியாது.

"ஒன்பதாவதுதான் பெருசு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில வாங்கினது. ஒன்பது லட்சம். இன்னும் அஞ்சு எண்பது நிக்குது. ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. உங்க கையெழுத்தும் இருக்கே."

ஐந்து லட்சத்து எண்பதாயிரத்தில் பாதி என்றால் அறை போயிற்று. அது அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஜன்னலும் மேஜையும் சுவரில் இருக்கும் தாடைகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஜெராக்ஸ் காகிதங்களை வாங்கிப் புரட்டினாள். கிரெடிட் கார்டுக் காகிதம் இரண்டிலும் ஓரத்தில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. ரோஸ் மெழுகு ஜெராக்ஸில் கறுப்பாக விழும். சரி, அவள் போட்டதுதான், படிக்காமல் போட்டது. தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒன்பதாவதைப் புரட்டினாள். நாலு பக்கம், நாலு கையெழுத்து. ஓரமெல்லாம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை.

"இது நான் போட்டதில்லை," என்றாள்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"என் கை படாத காகிதம் இது. பட்டிருந்தா மெழுகு இருக்கும். இது கள்ளக் கையெழுத்து."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இந்தக் கடன்ல உங்க பங்கு பூஜ்யம். நீங்க ஒரு புகார் எழுதிக் குடுத்தா போதும். ஆனா ஒண்ணு, போட்டது யாரோ அவங்க உள்ள போக வேண்டியிருக்கும்." கடைசி வாக்கியத்தை அவர் மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்.

பல்லக்காவுக்கு அப்போது வந்தது சந்தோஷம்தான். மறைத்துப் பயனில்லை. மூன்று வருடமாகக் கையில் சிக்காதவன் இன்று கையும் களவுமாகச் சிக்கினான். அறை பிழைத்தது. அவன் மறுப்பான், கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் அந்தப் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தான். எப்படி இவ்வளவு சாமர்த்தியமாகப் போட்டிருக்கிறான் பார்ப்போம் என்று, கழுத்தில் எப்போதும் தொங்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

வளைவு. நெளிவு. கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி.

அவள் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. எடுத்தால் முகம் தெரிந்துவிடும். அந்தப் புள்ளியை அவள் விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. கல்யாணத்தன்று ஒரு தடவை பார்த்ததோடு சரி, மாஸ்டருக்குப் பழகினது அவளுடைய கிறுக்கல்தான். அந்தப் பழைய கையெழுத்தை இந்த உலகத்தில் போடத் தெரிந்தவன் ஒருவன்தான்.

"என்னம்மா, புகார் எழுதிடலாமா?"

"கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றாள். குடித்தாள். பிறகு, "நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் அவள் நின்றாள். பின்னால் வந்த அவனும் நின்றான். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பியா?"

அவன் தலையசைத்தான்.

"எப்ப?"

"நீ அந்த வெளியூர் பல் கேம்புக்கு மூணு நாள் போயிருந்தியே, அப்ப. வாடகைக்கு ஓட்ட வண்டி வாங்கணும்னு உன்கிட்ட கேட்டானே, நீ ஒத்தக் காசு தர மாட்டேன்னு சொல்லிட்ட. அவன் பேர்ல யாரும் கடன் தரலை, நம்ம பேர்ல வாங்கித் தாங்கன்னு என்கிட்ட வந்து நின்னான். ஃபைனான்ஸ் மேனேஜருக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தவன் நான். வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு காகிதத்தைக் கையில குடுத்துட்டாரு. நீ வந்ததும் கேக்கலாம்னுதான் சொன்னேன். அதுக்கு அவன், எதுக்கு மாமா, அக்கா கையெழுத்து எனக்குத் தெரியாதான்னு பேனாவை எடுத்தான்."

"நீங்க பாத்துக்கிட்டிருந்தீங்க."

"சாப்பாட்டு மேஜைலதான். சிரிச்சுக்கிட்டே போட்டான். நானும்..." என்று நிறுத்தினான். "நானும் சிரிச்சேன். நீ சொல்ற கதைதானேன்னு."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு மாசம் ஒழுங்காக் கட்டினான். அப்புறம் வண்டி ஓட்டமில்லைன்னு விட்டுட்டான். சொன்னா உன் கையெழுத்து விஷயம் வெளிய வரும். சொல்லாதீங்க மாமான்னு அழுதான். நான் கட்ட ஆரம்பிச்சேன். கட்டறதுக்குக் கார்டு, கார்டுக்கு நகை, நகைக்கு அண்ணன்."

அப்படியென்றால் இன்னொருத்தி இல்லை. மூன்று வருடமாக மோந்து பார்த்த சட்டையில் ஒன்றும் இல்லாததற்குக் காரணம், அதில் ஒன்றும் இல்லாததுதான். அவளுடைய குடும்பத்தை உடைத்தது அவள் சோறூட்டி வளர்த்த பையன். உடைவதைத் தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இந்த மனிதன்.

"பிரிஞ்சிடலாம்னு சொன்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உனக்கு ரெண்டு பேரும் இல்லாமப் போயிருப்போம்."

"இன்னொருத்தி இருந்திருந்தாகூட எனக்குப் புரிஞ்சிருக்கும்," என்றாள் அவள். "திட்டிட்டுப் போயிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து என் பேரை எடுத்துக்கிட்டு, மூணு வருஷம் என்னைப் பைத்தியக்காரியா அலையவிட்டீங்க. அவன் என் மேஜைலயே வந்து சாப்பிட்டுட்டுப் போனான். எனக்கு இது புரியலை." அவன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் எட்டரைக்குத் தம்பி அறைக்கு வந்தான். முடிந்த செட்டுகளை டப்பாக்களில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு டாக்டரிடமும் கொடுப்பது அவன்தான். நாலு வருடமாக, அக்காவுக்காக, காசு வாங்காமல். முப்பத்தைந்து வயதாகியும் படியேறும்போதே விசிலடிக்கிறவன்.

"அக்கா, இன்னிக்கு எத்தனை வாய்?"

"அஞ்சு," என்றாள். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேஜையில் தள்ளினாள். "என் கையெழுத்தைப் போட்டுக் காட்டுடா. பாத்து நாளாச்சு."

அவன் முகம் மலர்ந்தது. பழைய விளையாட்டு. மேஜையில் ஒரு கையை ஊன்றி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் போட்டான். வளைவு, நெளிவு, கோடு. கடைசியில் இரண்டு புள்ளியை டக் டக்கென்று வைத்தான். எட்டாம் வகுப்பில் வைத்த அதே புள்ளி. அவள் ஜெராக்ஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

அவன் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு இறங்கத் தெரியாமல் நின்றது.

"மாமா சொல்லிட்டாரா?" என்றான்.

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. அவள் அதற்குத் தயாராகவே இல்லை. அழுவான், காலில் விழுவான், அக்கா மன்னிச்சிடு என்பான் என்று எல்லாவற்றுக்கும் இரவெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தாள்.

"புள்ளி சொல்லுச்சு," என்றாள் கடைசியில்.

"நீ தர மாட்டேன்னுட்டியேக்கா. நான் வேற எங்க போவேன்? கட்டிடலாம்னுதான் நெனச்சேன். உன் பல்லையெல்லாம் அந்த வண்டியிலதானே கொண்டு போறேன்? அதையாவது நெனச்சுப் பாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்குப் பிரயோஜனம் என்று வக்கீலம்மா கேட்டாரே. நாலு வருடமாக அவள் செய்த ஒவ்வொரு செட்டும் அந்த வண்டியில்தான் போயிருக்கிறது. தம்பி தன் உழைப்பில் வாங்கிய வண்டி என்று முதல் நாள் முன் சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியவள் அவள். அந்தப் பெருமையைக் கேட்டுக்கொண்டு மாஸ்டர் வாசலில் நின்றிருந்தான்.

"சாவியை வை," என்றாள்.

"அக்கா."

"வண்டிச் சாவியை வைடா. வித்து அடைக்கணும். இல்லைன்னா ஒரு புகார் போதும்னு வக்கீலம்மா சொல்றாங்க."

அவன் வைத்தான். வாசல்வரை போய்த் திரும்பினான். "அப்ப இந்த அஞ்சு வாயையும் யாரு கொண்டு போறது?"

"நடந்து போறேன். நீ கெளம்பு."

அவன் இறங்கிப் போகும் சத்தம் முழுதும் கேட்டது. விசில் இல்லை. அதற்கப்புறம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பத்து வயதில் அம்மா விட்டுப்போன ஒரு பையனுக்காக அழுதாளா, தன் முட்டாள்தனத்துக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வண்டி இரண்டு லட்சத்து நாற்பதுக்குத்தான் போயிற்று. மூன்று நாற்பது நின்றது. வக்கீலம்மா ஆபீசில் மாஸ்டர், "முழுசும் என் தலையில எழுதுங்க," என்றான்.

"வேண்டாம்," என்றாள் பல்லக்கா. "என் பல்லும் அதுலதான் போச்சு. பாதி எனக்கு. அதைக் கட்டறதுக்குத்தான் நீங்க கார்டு வாங்கினீங்க, நானும் படிக்காம போட்டேன், அந்த ரெண்டு கார்டும் பாதிப் பாதி. நகையும் அண்ணன் காசும் பெட்ரோல் பங்கும் உங்களுக்கு. என்கிட்ட சொல்லாம இருந்ததுக்கு."

"அந்தக் கையெழுத்து?" என்றார் வக்கீலம்மா.

"என்னோடதுதான். அன்னிக்குக் கண்ணு சரியாத் தெரியலை."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு தடவை ஆமான்னுட்டா அப்புறம் இல்லைன்னு சொல்ல முடியாதும்மா."

"தெரியும்."

அறையின் ஏழு தவணை முப்பத்தொன்று ஆனது. மாதா மாதம் கட்டுவதைக் குறைத்து வங்கியில் நீட்டிக் கொடுத்தார்கள். விற்கவில்லை, அது ஒன்றுதான். பிரிவு மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் மெழுகில்லாத கையோடு, பதினோரு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்துப் போட்டாள். மாஸ்டர் காத்திருந்தான். அவன் போட வேண்டிய இடத்தை அவள் விரலால் காட்டவில்லை.

கடைசியாக ஃபைனான்ஸ் கம்பெனி. மீதிக் கடனை இரண்டாக உடைத்து, பாதி அவன் பேரில், பாதி அவள் பேரில் புதிதாக எழுத வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி இளம்பிள்ளை, மரியாதை தெரிந்தவன். பழைய ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் போட்டுக்கொடுத்த காகிதத்தை ஒத்துப் பார்த்தான்.

"மேடம், கையெழுத்து பொருந்தலையே. ஃபைல்ல இருக்கறதுல கீழ கோடு இருக்கு, ரெண்டு புள்ளி இருக்கு. உங்களோடதுல இல்லை."

பக்கத்து நாற்காலியில் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

"பழைய கையெழுத்து, தம்பி. மறந்துபோச்சு," என்றாள். இன்னொரு காகிதம் வாங்கிக் கோடு போட்டாள், புள்ளி வைத்தாள். பதினைந்து வருடமாகச் சுருங்கிப்போன விரல் வளையவில்லை.

"வளைவு ஒத்துவரலை மேடம். மெஷின் ஏத்துக்காது. இன்னொரு தடவை நிதானமாப் போடுங்களேன்."

"அந்த ஃபைலை இப்படித் திருப்பி வைங்க," என்றாள்.

அவன் திருப்பி வைத்தான். அவள் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை எடுத்துத் தம்பி போட்ட கையெழுத்தின் மேல் வைத்தாள். டாக்டர் அனுப்பிய அச்சைப் பார்ப்பதுபோல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்தாள். பார்த்துப் பார்த்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு நெளிவாக எழுதினாள். கோட்டை இழுத்தாள். இரண்டு புள்ளியையும் வைத்தாள்.

அதிகாரி இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"இப்பதான் மேடம் உங்க கையெழுத்து," என்று சொல்லிவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினான்.